கடைவாய் வலி

கால்நடை மருத்துவர் திலகவதி, குதிரைப் பல் சிகிச்சையில் உயர்பயிற்சி பெற ஊட்டிக்கு வந்து ஐந்து நாளாகியிருந்தது. பயிற்சிக்கு வருகிறவர்கள் தாடையில் ஒரு பட்டையைக் கட்டிக்கொள்வார்கள். குதிரைக்கு எந்தப் பல் வலிக்கிறதோ, அதே இடத்தில் அவர்களுக்கும் வலிக்கும். வாயில்லா ஜீவனின் நோவை இனி ஊகிக்க வேண்டியதில்லை.

முதல் நாளே ஒரு கிழட்டுப் பெண்குதிரையின் கடைவாயில் கூராக வளர்ந்திருந்த பல்லைக் கண்டுபிடித்து அராவிவிட்டாள். குதிரை அன்றே கொள்ளு தின்றது. திலகவதிக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

ஆனால் பட்டையைக் கழற்றிய பிறகும் அவளுடைய கடைவாய் வலித்துக்கொண்டேயிருந்தது. நாலு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, பயிற்சியாளர் இருதயராஜிடம் போய்ச் சொன்னாள்.

"பல் டாக்டர்கிட்ட காட்டினேன் சார். என் பல்லுல ஒரு கோளாறும் இல்லைன்னுட்டார்."

"அப்படித்தாம்மா சொல்வாங்க" என்றவர், வாயைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு பல்கூட இல்லை. "எல்லாமே நல்ல பல்லுதான். ஒவ்வொண்ணாப் பிடுங்கிப் பார்த்தேன்."

"வலி போச்சா, சார்?"

அவர் கன்னத்தைத் தடவிக்கொண்டே லாயத்தின் பக்கம் திரும்பினார். அங்கே மூன்று நாளாகப் புல்லைத் தொடாத ஒரு குட்டி, வீங்கிய கன்னத்தைச் சுவரில் தேய்த்துக்கொண்டு நின்றது.

ஊருக்குத் திரும்பிவிடுவதென்று பையைக் கட்டி வைத்துவிட்டுத்தான் திலகவதி வந்திருந்தாள். வெகுநேரம் அந்தக் குட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தாடையை நிமிர்த்தி, "பட்டையைக் கட்டிவிடுங்க சார்" என்றாள்.