கூடத்தில் வாதாம் இலைகள்

மாலை விருந்துக்குக் கூடத்தை நானே அலங்கரித்தேன். எங்கள் வாசல் வாதாம் மரத்தின் இலைகள் சிவந்து உதிரும் நாட்கள். நல்ல சிவப்பாகப் பார்த்துப் பொறுக்கி, ஈரத்துணியால் துடைத்து, வெண்கல உருளியைச் சுற்றித் தரையில் பரப்பினேன். தானாக உதிர்ந்ததுபோல் இருக்கட்டும் என்று சோபாவரை சிலவற்றை இறைத்துவிட்டேன்.

தெரு பெருக்கும் எல்லம்மா குடிக்கத் தண்ணீர் கேட்டு, காலி பாட்டிலோடு வந்தாள். திறந்திருந்த கதவு வழியே கூடத்தைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். போன மாதம், வாசலில் இலை கிடக்கிறது என்று படம் எடுத்து, புகார் எழுதி அவளுடைய மேற்பார்வையாளருக்கு அனுப்பியவள் நான். மூன்று நாள் அவளை வேலைக்கு வரவேண்டாம் என்றுவிட்டார்கள்.

“அய்யோ, காத்துல உள்ள வரைக்கும் வந்துட்டுதே! இப்பவே எடுத்துடறேம்மா. மறுபடி எழுதிப் போட்டுடாதீங்க.”

பாட்டிலை நிலைப்படியில் வைத்தாள். தெருத் துடைப்பத்தை வெளியிலேயே சாய்த்துவிட்டு, கையாலேயே ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். உருளியின் விளிம்பில் நான் சாய்த்து வைத்திருந்த இலையைக்கூட, பாத்திரத்தில் விரல் படாமல் எடுத்தாள். நான்தான் வைத்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சோபாவில் உட்கார்ந்தபடி, அடியில் கிடந்த இலைக்காகக் காலைத் தூக்கிக்கொண்டேன்.

முந்தானை நிறைய இலைகளோடு எழுந்தாள்.

“பரவாயில்ல, இந்தத் தடவை எழுத மாட்டேன்” என்றேன்.

“நீங்க நல்லா இருக்கணும்மா.” கும்பிட வந்த கைகள் இரண்டும் முந்தானையைப் பிடித்திருந்தன. தலையை மட்டும் தாழ்த்திவிட்டு வேகமாக இறங்கிப் போனாள்.

பாட்டில் நிலைப்படியிலேயே இருந்தது, காலியாக.