மாப்பிள்ளை பூட்டிய டயர்

ஜாக்கியின் மேல் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது செடி நர்சரித் தோட்டத்துச் சின்ன டிராக்டர். அதன் முன்னால் சாக்கை விரித்து, முழங்கை வரை கிரீஸோடு உட்கார்ந்திருந்தாள் நர்சரிக்காரம்மா.

இன்னும் கொஞ்ச நேரத்தில் கல்யாணம். நல்ல அழகு, போங்கள்!

கல்யாணம் நடக்கப்போவது தோட்டத்தின் அந்தக் கோடியில், பெரிய மரத்தடியில். சொந்தபந்தமெல்லாம் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்தாயிற்று. ராத்திரி அடித்த மழையில் நடுவழி முழுக்கச் சேறு. கார் இறங்கினால் அவ்வளவுதான். கல்யாணப் பெண் டிராக்டரில்தான் போவாள் என்று முன்பே முடிவாகியிருந்தது. முடிவு செய்தவள் யாரென்று கேட்கவே வேண்டாம். அந்த வீட்டில் எல்லாமே நர்சரிக்காரம்மா வைத்ததுதான் சட்டம்.

டிராக்டருக்கு வயசாகிவிட்டது. என்ஜின் இன்னும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறது. முன்சக்கரங்கள்தான் படுத்தி எடுத்தன. ஒல்லி டயர், ஈர மண்ணைக் கண்டால் அப்படியே புதைந்துகொள்ளும். பேரிங்கும் கிடையாது. உள்ளே இருந்த வெறும் இரும்புக் குழாயும் தேய்ந்துபோய், சக்கரம் ஓயாமல் தலையாட்டும். ஒருமுறை ஸ்டீயரிங்கைத் திருப்புவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும்.

மாப்பிள்ளை டயர் கடைக்காரர். நகை நட்டு எதுவும் வேண்டாம், இந்த முன்சக்கரங்களை மாற்றிக் கொடுங்கள் போதும் என்று பெண் வீட்டில் சொல்லிவிட்டார்கள். அவரும் அகலமான ரிம், நல்ல பேரிங், சேற்றைத் தள்ளிவிடுகிற பல் வைத்த டயர் என்று பார்த்துப் பார்த்துத் தேடி, டயரைத் தன் கையாலேயே ரிம்மில் பூட்டி, நேற்று சாயங்காலம் கொண்டுவந்து இறக்கினார். அச்சில் மாட்டுவதை மட்டும் நர்சரிக்காரம்மா விட்டுக்கொடுக்கவில்லை. அவள் வண்டியில் இன்னொருத்தர் ஸ்பேனர் வைத்துவிட முடியுமா என்ன?

கொடுத்த டீயை மனிதர் குடித்தார். "காத்து பாத்துட்டேன், சரியா இருக்கு" என்றார். போய்விட்டார்.

அதுதான் அவளுக்கு உறுத்தல். பேசி முடித்த நாளிலிருந்து அவர் இப்படித்தான், இடித்த புளி மாதிரி. மரியாதை உண்டு, அளவான சிரிப்பும் உண்டு. ஒரு பதற்றம் உண்டா? ஒரு துள்ளல் உண்டா? கடைக்கு வந்த வண்டியைப் பார்த்து அனுப்புவது போலக் கல்யாணத்தையும் முடித்து அனுப்பிவிடுவாரோ? ஆசைப்பட்டுத்தான் சம்மதித்தாரா, நாலு பேர் சொன்னார்களென்று தலையை ஆட்டிவிட்டாரா? ஒரு வாரமாக இதே யோசனைதான். சாப்பாடு இறங்கவில்லை.

"அம்மா! நான் மேக்கப் எல்லாம் போட்டு எவ்வளவு நேரமா நிக்கிறேன்! இன்னும் அந்தச் சக்கரத்தைக் கட்டிக்கிட்டு அழறியா?" வாசலிலிருந்து மகள் கத்தினாள்.

"இதோ ஆச்சுடீ."

இடது சக்கரத்தை அச்சில் ஏற்றி, வாஷரைப் போட்டு, பின்னைச் செருகினாள். விரலால் ஒரு சுண்டு. சத்தமே இல்லாமல் சுற்றியது பாருங்கள், அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

வலது சக்கரத்தையும் ஏற்றினாள். சுண்டப்போன விரல் பாதியில் நின்றது.

எந்தப் பக்கம் உருள வேண்டும் என்று டயரின் பக்கவாட்டில் அம்புக்குறி போட்டிருப்பார்கள். இடது டயரின் அம்பு முன்னால் போகச் சொன்னது. வலது டயரின் அம்பு பின்னால் போகச் சொன்னது.

குனிந்து மறுபடி பார்த்தாள். சந்தேகமே இல்லை, டயர் திருப்பிப் பூட்டியிருந்தது. டயர் கடையில் முதல் நாள் வேலைக்கு வந்தவன்கூட முதலில் பார்ப்பது அந்த அம்பைத்தான். வேறு எவனாவது இப்படிப் பூட்டிய வண்டி வந்தால், தெருவே கேட்கும்படி திட்டுகிற மனிதர் அவர்.

அந்த மனிதருக்குக் கை தடுமாறியிருக்கிறது!

காற்று பார்த்தாராம், சரியாக இருந்ததாம்.

நர்சரிக்காரம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சாக்கில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். ஒரு வாரத்துப் பாரம் அந்தச் சிரிப்பிலேயே இறங்கிவிட்டது.

சக்கரத்தைத் திரும்பக் கழற்றினாள். காற்றை இறக்கி, லீவரால் நெம்பி, சோப்புத் தண்ணீர் தடவி, டயரைத் திருப்பிப் போட்டுப் பம்ப்பை மிதித்தாள். சாதாரண நாளாக இருந்தால் இந்த வேலைக்கு நூறு சாபம் கொடுத்திருப்பாள். இன்று வாய் பாட்டு முணுமுணுத்தது.

பொறுத்துப் பார்த்த மகள், கையில் சோப்பும் துண்டுமாக இறங்கியே வந்துவிட்டாள்.

"கல்யாணப் பொண்ணே, போதும், எழுந்திரு! உனக்குப் பதிலா நான் போய் அவர் பக்கத்துல உக்காந்தா, என் புருஷன் சும்மா விடுவாரா?"

நர்சரிக்காரம்மாவுக்கு வெட்கம் வந்துவிட்டது. கிரீஸைத் தேய்த்துக் கழுவி, புது உடுப்பு மாற்றி, டிராக்டரில் ஏறி உட்கார்ந்தாள். பின்னால் கோத்திருந்த டிரெய்லரில் மகள் நாற்காலி போட்டுக்கொண்டாள். ஸ்டீயரிங் ஒரு கையிலேயே திரும்பியது.

பாதி வழியில் எதிரே ஒருவர் சேற்றில் ஓடிவந்தார். நரைத்த தலை கலைந்திருக்க, புது உடுப்பெல்லாம் சேறு, கையில் டயர் லீவர்.

"அந்த வலது டயரு…" என்று மூச்சு வாங்கினார் மாப்பிள்ளை.

"தெரியும். ஏறுங்க" என்றாள்.

அவர் பின்சக்கரத்து மட்கார்டில் தொற்றிக்கொண்டார். லீவரை இன்னும் கையை விட்டு வைக்கவில்லை. அவள் அந்தக் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு கியரைப் போட்டாள்.