மூன்றாவது பிஸ்டன்

பட்டறைத் தகரக் கூரையின் ஓட்டை வழியே இறங்கும் வெயில், மேசை மேலிருக்கும் சமையல் தராசில் வட்டமாக விழுந்து கிடக்கிறது. அக்கா அதில் நாலாவது பிஸ்டனை ணங்கென்று வைக்கிறாள். அரதப் பழசான கார். எஞ்சினின் கூடு மட்டும்தான் அதனுடையது, பிஸ்டன்கள் கண்ட கார்களிலிருந்து பொறுக்கியவை. நாலும் ஒரே எடையில் இருந்தால்தான் எஞ்சின் உதறாமல் ஓடும். தம்பி இன்று தேடிக் கொண்டுவந்த இது, முதல் இரண்டைவிடப் பதினோரு கிராம் கூடுதல். "வாங்கும்போது கண்ணை எங்கடா வச்சிருந்தே?" என்று கத்திக்கொண்டே உட்பக்கத்தை அரத்தால் அராவுகிறாள். வியர்த்த முழங்கையில் அலுமினியத் தூள் அப்புகிறது. எடை சரியானதும், எந்தக் காரின் பிஸ்டனை அராவினாலும் செய்வதுபோல, அரத்தின் முனையால் உள்ளே ஒரு பெருக்கல் குறி கீறுகிறாள். ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை. அடுத்து, இன்னும் எடை பார்க்காத மூன்றாவது பிஸ்டன் தராசில் ஏறுகிறது. மற்றவற்றைவிட எட்டு கிராம் குறைவு. அக்காவின் முகம் சிவக்கிறது. "எந்த மடையன்டா இதை இப்படிச் சுரண்டித் தள்ளியிருக்கான்? அவனுக்காக நான் மத்த மூணையும் அராவிக் குறைக்கணுமா? கையில கிடைச்சான்னா விரலை ஒடிச்சிருவேன்!" தம்பி அந்தப் பிஸ்டனை எடுக்கிறான். உள்ளே படிந்த கரியைத் துணியால் துடைத்து, வெயிலில் சாய்த்துக் காட்டுகிறான். ஒரு பெருக்கல் குறி. ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை. அக்கா பிஸ்டனை வெடுக்கென்று பிடுங்குகிறாள்.

"உன்னை யாருடா துடைக்கச் சொன்னா?"