கோயில் கூடையில் முட்டை ஓடு

ஈஸ்டருக்கு முந்தின பெரிய நோன்பின் பாதியில், கோயில் குப்பைக் கூடையில் முட்டை ஓடு கிடந்தது.

கூட்டிக்கொண்டிருந்த இன்ஸாஃப், செத்த எலியைத் தூக்குவது போல அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தாள்.

"வதீதாக்கா, இங்க வந்து பாருங்க. நம்ம ஷுப்ரா பேட்டை முழுக்க அவிச்ச மொச்சையைத் தின்னு வயிறு ஊதிக் கிடக்கு. இங்க யாருக்கோ முட்டை விருந்து நடந்திருக்கு."

"எந்த அறைக் கூடை?"

"அபூனாவோட அறைதான்."

வதீதாவுக்கு எரிச்சலாக வந்தது. கறி, முட்டை, பால் எதையும் தொடாதீர்கள் என்று பீடத்தில் நின்று சொல்கிற குருவா இப்படி?

எரிச்சலுக்குக் காரணம் வீட்டில் இருந்தது. அவள் கணவர் பனூப் பேட்டரி பழுது பார்ப்பவர். கோயிலில் முதல் பாடகர். மற்றவர்கள் நோன்பு முடிந்தால் கறிக்கடைக்கு ஓடுவார்கள். இவர் பண்டிகைக்குத்தான் கறி, முட்டை, பாலைத் தொடுவார். சில மாதமாக அவருக்கு உள்ளங்காலில் உணர்ச்சியே இல்லை. செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாமல் நடப்பார். பாட்டு நடுவில் வரி மறந்து திகைத்து நிற்பார்.

பேட்டரி ஈயம் நரம்பில் ஏறிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ரத்தம் பார்த்த டாக்டரம்மா இல்லையென்றுவிட்டாள்.

"ஈயம் பயப்படற அளவுக்கு இல்ல. பி-12 சத்துதான் சுத்தமா இல்ல. கறி, முட்டை, பால்ல இருக்கறது அது. இப்படியே விட்டா நரம்பு பட்டுப்போகும், அப்புறம் நடை திரும்பாது. உடனே ஊசி போடணும். தினம் முட்டை சாப்பிடணும்."

பனூப் சிரித்தார். "இத்தனை வருஷம் ஈயத்தோட குடித்தனம் பண்றேன், அதுவே ஒண்ணும் பண்ணல. நோன்பா என் காலைப் பிடுங்கப் போகுது?"

ஊசியாவது போட்டுக்கொள்வார் என்று பார்த்தால், மருந்துக்கடையில் போய், "இதுல என்னம்மா இருக்கு?" என்று கேட்டுவைத்தார். கடைப் பெண் வெகுளியாக, "ஈரல்ல இருக்குமே, அந்தச் சத்துதான் மாமா" என்றாள்.

"அப்போ ஈரலை ஊசி வழியா தின்னச் சொல்றீங்க. ஈஸ்டர் வரட்டும்."

வதீதா அபூனாவிடம் போய் அழுதாள். "நீங்க சொன்னா கேப்பார்."

"பார்க்கிறேம்மா" என்றார் அவர். அதற்கப்புறமும் வீட்டில் பனூப்புக்கு மொச்சைதான்.

"என் புருஷனுக்குக் கால் போகுது, இவருக்கு முட்டை கேக்குதா? நாளைக்குக் கையும் களவுமா பிடிக்கிறேன்" என்றாள் வதீதா.

மறுநாள் மதிய ஜெபம் முடிந்ததும் இன்ஸாஃபை வாசலில் நிறுத்திவிட்டு, தட்டாமலே கதவைத் திறந்தாள்.

அபூனா வாயில் முட்டையோடு, விளக்கெண்ணெய் குடித்தவர் மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தார். எதிரே பனூப். அவர் கையில் பாதி முட்டை.

"அடியே, கதவைத் தட்டிட்டு வர மாட்டியா?" என்றார் பனூப், முட்டையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தபடி.

"உக்காரும்மா" என்றார் அபூனா. "சாப்பிடுடான்னு உத்தரவு கொடுத்தேன். 'நீங்க நோன்பிருக்க நான் மட்டும் தின்னா கர்த்தர் முகத்துல எப்படி முழிப்பேன்'னான். சரி, நானும் தின்கிறேன் வாடான்னுட்டேன். ஊசிகூட ரெண்டு பேருக்கும்தான். எனக்கு இன்னும் ஒரு பக்கமாத்தான் உக்கார முடியுது."

"இவர் கத்தின கத்துல நர்ஸ் பயந்துட்டா" என்றார் பனூப். பிறகு குரலைத் தாழ்த்தி, "வதீதா, இன்னிக்குக் காலைல கால் வச்சதும் தரை சில்லுன்னு இருந்துச்சு" என்றார்.

வதீதா சிலுவை போட்டுக்கொண்டாள்.

"வெளில உங்க பேர் நாறுது அபூனா."

"நாறட்டும்மா. முதல் பாடகர் நோன்பை முறிச்சார்னு ஊருக்குத் தெரிஞ்சா இவன் வீம்புக்கு மறுபடி மொச்சைக்குப் போயிடுவான். என் பேரைக் கழுவிக்கலாம். இவன் கால் போனா வராது. நீ வாயைத் திறக்காதே."

வதீதா தட்டைப் பார்த்தாள். அதில் ஒரு முட்டை மிச்சமிருந்தது. எடுத்தாள், உரித்தாள், நின்றபடியே தின்றுவிட்டு வெளியே வந்தாள்.

இன்ஸாஃப் கழுத்தை நீட்டினாள். "பிடிச்சீங்களாக்கா? யாரு தின்னது?"

உதட்டோரத்து மஞ்சள் கருவைத் துடைக்காமலே வதீதா சொன்னாள்:

"நான்தான்டி. நேத்தும் நான்தான்."