வலது கட்டைவிரல்

ஐஸ் பெட்டியை மார்போடு அணைத்தபடி ஆஸ்பத்திரிப் படிகளில் ஓடினாள் அம்சவேணி. லாரி மோதித் துண்டான கணவனின் வலது கை பெட்டிக்குள் இருந்தது. அவன் உள்ளே ஆபரேஷன் மேஜையில் நினைவில்லாமல் கிடந்தான்.

வாசலிலேயே கேஸ் பிடிக்கும் வக்கீல் குமாஸ்தா தேவசகாயம் குறுக்கே வந்தான். "ஐஸ் கரைஞ்சிடுச்சேக்கா. குடுங்க, மாத்தி எடுத்தாரேன்."

கால் மணி கழித்துத்தான் வந்தான். பெட்டியைத் திறந்து பார்த்த டாக்டர், இனி ஒட்டாது என்று உதட்டைப் பிதுக்கினார்.

மூன்று வருடம் கழித்து நஷ்டஈடு ஒன்பது லட்சம் வந்தது. வக்கீல் பாதியை எடுத்துக்கொண்டார்.

"பாதின்னு யாரு ஒத்துக்கிட்டா?"

"உங்க வீட்டுக்காரர்தான்க்கா" என்று ஒப்பந்தத்தை நீட்டினான் தேவசகாயம்.

விபத்து நடந்த அதே தேதி. கீழே வலது கட்டைவிரல் ரேகை.

அன்று அந்த விரலில் பார்த்த நீலத்தை, ரத்தக்கட்டு என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.