பூவாக்கு

கிட்ட வாங்க கண்ணுகளா, முதலிபாளையத்துக் கோமளா கதையைச் சொல்கிறேன்.

இங்கே பனியன் கம்பெனியை மூடிய அவள் புருஷன் மோகன்ராஜுக்கு, எத்தியோப்பியாவில் புதிதாக ஒன்று தொடங்க அழைப்பு வந்தது. அம்மனிடம் பூவாக்குக் கேட்டே முடிவெடுப்பேன் என்றான். வெள்ளைப் பூ ஒன்றிலும் சிவப்புப் பூ ஒன்றிலுமாக இரண்டு பொட்டணம் கட்டி வைப்பார்கள்; பூசாரி எடுப்பதில் வெள்ளை இருந்தால் சரி. சிவப்பு என்றால் வேண்டாம்.

பொட்டணம் கட்டியது கோமளாதான். அவனைப் பிரிந்து இருக்க முடியாத அவள், இரண்டிலும் சிவப்பையே கட்டிவிட்டாள்.

பூசாரி ஒன்றைப் பிரித்தார். "சிவப்புங்க. ஆத்தா வேண்டாங்கறா."

கோமளாவுக்கு உயிர் வந்தது. "ஏனுங்க, இங்கயே இருந்துக்கலாமுங்க."

மோகன்ராஜ் கண்ணைத் துடைத்தான். "நான் கேட்டதே அதுதான் புள்ள. 'போகாம இவகூடவே இருந்துக்கட்டுமா'ன்னு கேட்டேன். ஆத்தா வேண்டாங்கறாளே!"

அம்மன் முன்னால் தான் செய்ததை அவள் எப்படிச் சொல்வாள்?

உங்க ஊட்டுல புருஷனும் பொண்டாட்டியும் மனசுவிட்டுப் பேசி, ஒண்ணா நல்லா இருக்கோணும் சாமி.