விளிம்பு தடவுற சோதினை

“என்ரை விரலை வெட்டிப் பாக்க உவன் ஆர்?”

கனகலிங்கம் சைக்கிளைச் சுவரிலை சாத்தேல்லை. எறிஞ்சார்.

அச்சுவேலித் தகரப் பட்டறையிலை அவர் தொழில் பழக வந்து மூண்டு மாதம். அதுக்கு முன்னம் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையிலை பதினெட்டு வருசம். சண்டையிலை வேலையும் போய், வீடும் போய், நாப்பத்தைஞ்சு வயசிலை கத்தரிக்கோலும் மரக் கொட்டாப்புளியுமாய் பழைய எண்ணெய்ப் பரல் தகரத்தை வெட்டித் தட்டிக்கொண்டு நிக்கிறார்.

பழக்கிற மாஸ்ரர் இன்னாசித்தம்பிக்கு வயசு இருவத்தாறு.

மாஸ்ரரிட்டை ஒரு சட்டம் இருக்கு. பின்னேரம் செய்து முடிச்ச வாளி, புனல் எல்லாத்தையும் மேசையிலை வைச்சிட்டுப் போகவேணும். அடுத்தநாள் பத்து மணிக்கு, எல்லாருக்கும் முன்னாலை, செய்தவரே வெறும் விரலாலை அதின்ரை வாய் விளிம்பைச் சுத்தித் தடவிக் காட்டவேணும். விளிம்பை ஒழுங்கா மடிச்சு, பிசிரை அரத்தாலை ராவியிருந்தால் தப்பினார். இல்லாட்டில் ரத்தம்.

“தகரம் வெட்டினால் போடுற ஏற்பு ஊசி கூட ஆஸ்பத்திரியிலை இல்லை. இந்த நேரத்திலை உவனுக்கு ஒரு சோதினை!”

“மெல்லக் கதையுங்கோ அண்ணை. கேட்டிடும்,” எண்டா பக்கத்து மேசைப் பாலேஸ்வரி. அவவும் பழக வந்தவதான்.

“கேக்கட்டும்! தான் ஒருநாள் தடவினவனே? இடக்கையைக் களுசான் பொக்கற்றுக்குள்ளை விட்டுக்கொண்டு, பொம்பிளை பாக்க வந்த மாப்பிள்ளை மாதிரி நிப்பான்.” கனகலிங்கம் மூக்காலை இழுத்தார். “‘அண்ணை... பயப்பிடாமல் தடவுங்கோ அண்ணை...’”

அச்சு அசல் மாஸ்ரர்தான். பாலேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டு சிரிச்சா.

“நேற்று என்ரை வாளியிலை, பிடி கொளுவுற காதுக்குப் பக்கத்திலை ரெண்டு அங்குலம் வேணுமெண்டே ராவாமல் விட்டனான். கத்தி மாதிரி நிக்குது. இண்டைக்கு உவனைத் தடவ வைக்கிறன்.”

“அவர் மாட்டனெண்டால்?”

“நான் தடவுவன். வடியிற ரத்தத்தோடை நேரை மனேச்சரிட்டைப் போவன். நாளைக்கு உவனுக்கு இஞ்சை வேலை இல்லை!”

பத்து மணி அடிச்சுது.

“உங்கடை முறை அண்ணை,” எண்டார் மாஸ்ரர். இடக்கை பொக்கற்றுக்குள்ளை.

கனகலிங்கம் வாளியைத் தூக்கி மாஸ்ரருக்கு முன்னாலை டங்கெண்டு வைச்சார்.

“இண்டைக்கு நீர் தடவும்!”

எல்லாரும் மேசையைச் சுத்தி நெருங்கி வந்திச்சினம்.

“செய்தவர்தான் தடவவேணும் அண்ணை. அப்பதான் விரலிலை ஒரு பயம் நிக்கும். நாளைக்குக் கிணத்தடியிலை ஒரு பிள்ளையெல்லே இந்த வாளியைப் பிடிக்கப்போகுது.”

“பிள்ளையின்ரை கதையை விடும். உமக்குப் பயம்!”

“ஓம் அண்ணை. எனக்கும் பயம்தான்.”

“கேட்டியளே எல்லாரும்! வாயாலை சொல்லிப்போட்டார்! எங்கடை கை எண்டால் உமக்குத் தகரத் துண்டோ? இந்தா பாரும்!”

கண்ணை இறுக்கி மூடினார். விரலை அழுத்தி ஒரு சுத்துச் சுத்தினார்.

எரியேல்லை.

கண்ணைத் திறந்தார். ரத்தமும் இல்லை. காதுக்குப் பக்கத்திலை தேடித் தேடித் திரும்பவும் தடவினார். வழுவழுவெண்டு இருந்துது. அந்த ரெண்டு அங்குலமும் புதுசா அரம் போட்டு வெள்ளையா மினுங்கிச்சுது.

“இதை நான் ராவேல்லையே...” எண்டு வாய்விட்டார்.

பாலேஸ்வரி தன்ரை புனலைத் தூக்கி வெளிச்சத்திலை பிடிச்சா. அதிலையும் ஓரிடம் மினுங்கிச்சுது.

“நானும் உதிலை ராவேல்லை அண்ணை.”

இந்த மூண்டு மாதத்திலை, இத்தினை பேர் தடவியும், ஒருத்தற்றை விரலும் வெட்டுப்படேல்லை எண்டது அப்பதான் கனகலிங்கத்தின்ரை மண்டையிலை ஏறிச்சுது. ராவிலை பட்டறையைப் பூட்டித் திறக்கிற திறப்பு ஆற்றை கையிலை இருக்கிறதெண்டதும் ஏறிச்சுது.

எண்டாலும் கோவம் இறங்கேல்லை.

“கையை எடும் வெளியிலை!”

மாஸ்ரர் எடுக்கேல்லை. கனகலிங்கம் பிடிச்சு இழுத்தார்.

நாலு விரலிலையும் பழஞ்சீலைக் கட்டு. சுட்டுவிரல் கட்டிலை மட்டும் ரத்தம் இன்னும் காயேல்லை.

“மெல்ல அண்ணை,” எண்டு மாஸ்ரர் முகத்தைச் சுளிச்சார். “உங்கடை வாளிதான் இண்டைக்குக் கொஞ்சம் ஆழமா வெட்டிப்போட்டுது.”